ஆறு பேர் குந்தினால் ஒரு சஹன்

ஸுல்பிகா டீச்சருக்குக் கோபம் மூக்கின் நுனியில் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுகிற ஒரே ஆளைப் பார்த்துச் சிரிப்பது சுகமான வேலை. அதிபரின் முகமும் கோணாது, தேநீரும் சூடாகக் கிடைக்கும்.

நானும் அங்கேதான் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். கல்முனைப் பக்கம், கடல் இரைச்சல் வகுப்புக்குள் கேட்கிற இடத்தில், பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடம். ஸுல்பிகா மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். வீடு இவளுடையது. மாப்பிள்ளை வாய் திறக்காத மனிதர். ஆகவே வீட்டில் செலவாகாத கோபம் முழுவதும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்கிறது என்று நான் அவளைச் சீண்டுவேன். "வந்து சேர்ந்தும் போதாமக் கிடக்கு" என்பாள்.

அவள் நல்லவள், பொறுமைசாலி, பிள்ளைகளுக்குத் தாய் மாதிரி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவளுக்குப் பொறுமை கிடையாது. கரும்பலகை துடைக்கும் டஸ்டரைச் சுவரில் எறிவாள். பிள்ளை ஒன்று தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "விளங்கல்ல எண்டு சொல்லு புள்ள, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா" என்று கத்துவாள். பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். விளங்கவில்லை என்று சொன்ன பிள்ளையை அவள் ஒருநாளும் ஏசியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பென்றால் புலமைப்பரிசில் பரீட்சை. அந்தப் பரீட்சை வந்தால் எங்கள் ஊர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். விடியப் பள்ளிக்கூடம், பின்னேரம் டியூசன், மஃரிப் தொழுகைக்குப் பிறகு இன்னொரு டியூசன். பத்து வயதுப் பிள்ளை கண் செருகிக்கொண்டு இருக்கும், தாய் பக்கத்தில் விசிறியோடு இருப்பாள். பரீட்சை எழுதுவது பிள்ளையா தாயா என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

எங்கள் அதிபர் ஸஹீத் சேர் அந்தக் காய்ச்சலில் எல்லோரையும் விட அதிகம் வெந்துகொண்டிருந்தார். எழுபது புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதுதான் அவருக்குத் தொழுகைக்கு அடுத்தபடி. வருடத் தொடக்கத்திலேயே ஒரு சோதனை வைத்து, இருபத்தொன்பது பிள்ளைகளை ஒரு பக்கமும் ஏழு பிள்ளைகளை மறு பக்கமும் பிரித்தார். இருபத்தொன்பது பேருக்கும் மின்விசிறி உள்ள வகுப்பு. ஏழு பேருக்கும் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், உடைந்த மேசைகள் அடுக்கிக் கிடந்த அறை. அந்த ஏழு பேருக்கும் படிப்பிக்க ஸுல்பிகாவைப் போட்டார். அது தண்டனை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த ஏழு பேரில் ஒருத்திதான் றிபா. வாப்பா முஹ்ஸின் ஆழ்கடலுக்குப் போகிறவர், போனால் வர நாளாகும். உம்மா றினோஸா கல்யாண வீடுகளில் சமையலுக்குக் கைகொடுப்பவள். றிபாவுக்கு அந்தப் பரீட்சை எழுத வேண்டும். எழுதிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. எல்லோரும் எழுதுகிற பேப்பரைத் தானும் எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே டீச்சரிடம் கேட்டுவிட்டாள். "நாங்களும் எழுதுறதானே டீச்சர்?" ஸுல்பிகா யோசிக்காமல், "ஓம் புள்ள, எழுதாம?" என்று சொல்லிவிட்டாள்.

எழுதுவதென்றால் பின்னம் தெரிய வேண்டும். பின்னத்தில்தான் இந்த ஏழு பேரும் விழுந்து கிடந்தார்கள். மூன்றில் ஒன்று பெரிதா, ஆறில் ஒன்று பெரிதா என்று கேட்டால் ஏழு வாயும் ஒன்றாக ஆறில் ஒன்று என்றன. ஆறு மூன்றை விடப் பெரிதுதானே. ஆறில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பன்னிரண்டில் இரண்டு. மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு. புத்தகத்தில் வட்டம் கீறிக் கோடு போட்டு நிறம் தீட்டியிருந்தது. பிள்ளைகள் அழகாக நிறம் தீட்டினார்கள். தீட்டி முடித்ததும் திரும்பவும் பன்னிரண்டில் இரண்டு. டஸ்டர் சுவருக்குப் போனது.

அடுத்த நாள் ஸுல்பிகா பஸ்ஸில் ஒரு சஹனைக் காவிக்கொண்டு வந்து இறங்கினாள். எங்கள் கல்யாணத்திலும் கந்தூரியிலும் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் குந்தி ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டுத்தான் சஹன். பஸ்ஸில் ஆட்கள் எங்கே கல்யாணம் என்று கேட்டார்களாம். "கணக்குக்குக் கல்யாணம்" என்று இவள் முறைத்திருக்கிறாள்.

அந்த நேரம் எனக்குப் பாடம் இல்லை. நான் கதவடியில் நின்று பார்த்தேன். நிலத்தில் பாயை விரித்து நடுவில் வெறும் சஹனை வைத்தாள். ஆறு பேரைச் சுற்றிவரக் குந்த வைத்தாள். றிபாவைப் பரிமாறுகிற ஆளாக நிற்க வைத்தாள்.

"றிபா, இப்ப இதுல மூண்டு பேர எழுப்பி விடு. மிச்ச மூண்டு பேருக்கும் சோறு கூடவா குறையவா?"

"கூட டீச்சர்."

"அப்ப ஆறு பேர் குந்தின சஹனுல ஒருத்தர்ட பங்கு பெருசா, மூண்டு பேர் குந்தின சஹனுல ஒருத்தர்ட பங்கு பெருசா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். இது ஒரு கேள்வியா என்கிற சிரிப்பு. கல்யாண வீட்டில் ஆறு பேர் சஹனில் மூன்று பேர் மட்டும் குந்தி அமுக்கப் பார்க்கிற மாமாக்களை அவர்கள் எத்தனை முறை கண்டிருக்கிறார்கள். பரிமாறுகிறவர்கள் விட மாட்டார்கள். "இஞ்ச ஆள் குறையுது, வாங்க வாங்க" என்று தேடிப் பிடித்து ஆறைக் குந்த வைத்த பிறகுதான் சோறு வைப்பார்கள். ஆறு பேரும் குந்தாமல் ஒருவரும் கை வைப்பதும் இல்லை. இது ஊரில் பேசப் பழகும் பிள்ளைக்கே தெரியும்.

எழும்பிய மூன்று பேரையும் திரும்பக் குந்த வைத்து, ஆறு பேரில் இரண்டு பேரைக் காட்டிக் கூட்டலுக்கு வந்தாள். "ஸஹ்மாட பங்கையும் ஹனாட பங்கையும் சேர்த்து எடுத்தா ரெண்டு பங்கு. சஹனச் சுத்திக் குந்தினது எத்தின பேர்?"

"ஆறு பேர்."

"பன்னெண்டு பேரா வந்து குந்தினாங்க?"

"இல்ல டீச்சர்."

"அப்ப கீழ என்னத்துக்குப் புள்ள பன்னெண்டு? நல்லாக் கேளுங்க. கோட்டுக்கு மேல எழுதுறது எடுத்த பங்கு. கோட்டுக்குக் கீழ எழுதுறது குந்தின ஆக்கள். குந்தின ஒருத்தரையும் கீழ இருந்து அழிக்க ஏலா."

றிபா நின்ற இடத்திலிருந்து கேட்டாள். "சாப்பிடாம ஒராள் எழும்பிப் போனா டீச்சர்?"

"போனாலும் ஆறுதான். அவட பங்கு சஹனுக்குள்ளதானே கிடக்கு."

அந்த ஒரு பாடத்துக்குப் பிறகு அந்த அறையில் பன்னிரண்டில் இரண்டு வரவில்லை. வேறு பிழைகள் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. பகுதி எண் வேறு வேறாக வந்தால் தடுமாறினார்கள். அதற்கும் சஹனையே மூன்றாகவும் ஆறாகவும் மாற்றி மாற்றிக் குந்த வைத்து, தொண்டை கட்டும் வரை கத்தி, ஸுல்பிகா அவர்களை இழுத்துக்கொண்டு வந்தாள். பயிற்சிக் கணக்கில் பாதிக்கு மேல் சரியாகச் செய்யத் தொடங்கினார்கள். எழுபது எடுப்பார்களா என்றால், எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒருத்தி இரண்டு பேர். மற்றவர்கள் ஐம்பதுக்குள் நின்றிருக்கலாம். அவர்களுடைய சொந்த ஐம்பது அது.

ஸஹீத் சேர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், பாயையும் சஹனையும் பார்த்தார். "இதென்ன டீச்சர், பள்ளிக்கூடத்துல கந்தூரியா?" என்று கேட்டார். பிள்ளைகளின் கொப்பியை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சரி போட்டிருந்தது தெரிந்திருக்கும். அவருக்கு அது தேவையில்லை. அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஏழு தாய்மாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். றினோஸா போனபோது ஏதோ வேலையாக நானும் ஒபிசில் நின்றேன். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நல்லது, றினோஸா திருப்பிக் கதைத்திருப்பாள். கதிரை போட்டு இருக்கச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முஹ்ஸின் எப்போது கரைக்கு வருகிறார் என்று விசாரித்தார். பிறகு தேன் வடிய வடியச் சொன்னார்.

"இந்தப் பரீட்சை கட்டாயம் இல்ல தங்கச்சி. உங்கட புள்ள எழுதிக் குறைஞ்ச புள்ளி எடுத்தா ஊருல நாலு பேர் கதைப்பாங்க. சின்ன மனசு, தாங்காது. ஏன் அந்தப் புள்ளைக்கு அந்த வெக்கம்? நம்ம புள்ளதானே, நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

றினோஸா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சேர்" என்றாள். அதிபரே தங்கச்சி என்று கூப்பிட்டு, பிள்ளையின் மனசுக்காக இரங்கிக் கதைக்கும்போது எந்தத் தாய் மறுப்பாள். ஏழு தாய்மாரும் மறுக்கவில்லை.  அடித்துப் பறிப்பவனைக் கள்ளன் என்கிறோம். தங்கச்சி என்று சொல்லிப் பறிப்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்.

ஸுல்பிகாவுக்குச் செய்தி போனதும் அவள் ஒபிசுக்குள் போய் நின்ற நிலையை நான் சொல்லத் தேவையில்லை. சத்தம் நாலு வகுப்புக்குக் கேட்டது.

"அந்தப் புள்ளையள்ற பேர எடுக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சேர் சொன்ன?"

"பெத்தவங்கட விருப்பம் டீச்சர். கேட்டுப் பாருங்க."

"நீங்க விரும்ப வச்ச விருப்பம் அது."

"போன வருஷம் தொண்ணூறு வீதம். இந்த முற நூறு வீதம் வந்தா நமக்குப் புதுக் கட்டிடம் கேக்கலாம். ஏழு பேருக்காக எல்லாத்தையும் உடைக்கச் சொல்லுறீங்களா?"

"கட்டிடத்துக்குள்ள ஆர வச்சுப் படிப்பிக்கப் போறீங்க? சுவரையா?"

அவர் கையில் இருந்த பேனையை மூடினார். பெயர்ப் பட்டியல் போயாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார். இவள் மேலே போய்ச் சொன்னாள். மேலே இருந்தவர்களும் பெற்றோரின் விருப்பம் என்றார்கள். தாய்மாரிடம் போனாள். சேர் நல்லதுக்குத்தானே சொன்னார் என்றார்கள். ஆசிரியர் அறையில் மற்றவர்கள், ஸுல்பிகா டீச்சர் ஒரு சின்ன விஷயத்தைப் பெருப்பிக்கிறா என்று பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார்கள்.

றிபாவிடம் சொன்னபோது அவள் அழவில்லையாம். "நான் பின்னம் பழகிட்டன்தானே டீச்சர்" என்று மட்டும் கேட்டாளாம். எழுத விடாததற்குக் காரணம் பின்னம் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. ஸுல்பிகா இதை எனக்குச் சொல்லிக்கொண்டே, சுத்தமாக இருந்த சஹனைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். 

ஆனாலும் படிப்பிப்பதை அவள் விடவில்லை. எழுதாத பரீட்சைக்கு எதற்குப் பயிற்சி என்று ஸஹீத் சேர் கேட்டார். "பின்னம் பரீட்சையோட முடிஞ்சு போறல்ல சேர்" என்று சொல்லிவிட்டுச் சஹனை எடுத்துக்கொண்டு போனாள்.

பரீட்சை நாளன்று அந்த ஏழு பேரையும் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். எங்களை வேறு பள்ளிக்கூடங்களுக்கு மேற்பார்வைக்குப் போட்டிருந்ததால் நானும் ஸுல்பிகாவும் அங்கே இல்லை. றினோஸா பிறகு சொன்னாள். றிபா விடியவே குளித்து, வெள்ளைச் சீருடை உடுத்து, பென்சில் சீவிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றிருக்கிறாள். அதிபர் தலையைத் தடவி, ஒரு டொபி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். டொபியைத் தின்னாமல் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்ததாம் பிள்ளை.

முடிவு வந்தது. இருபத்தொன்பது பேரும் எழுபதுக்கு மேல். அந்தப் பிள்ளைகள் பாடுபட்டுத்தான் எடுத்தார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாசலில் பெனர் ஏறியது. மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்துக் கரும்பலகையில் பூக்கொடி கீறி, நடுவில் நிறச் சோக்கால் பெரிதாக, மேலும் கீழுமாகக் கோடு போட்டு 29/29 என்றும் அதன் கீழே 100% என்றும் எழுதினார்கள். விருந்தும் வைத்தார்கள். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய், வட்டிலப்பம், எல்லாம் சஹனில். ஸஹீத் சேருக்கு மனம் குளிர்ந்துபோய், ஐந்தாம் வகுப்பு முழுவதும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். ஏழு பேரும் வந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் முன்வரிசைக் கதிரையில் இருந்தார்.

சமைத்தது றினோஸாவும் மற்றத் தாய்மாரும். பாய் விரித்து, பிள்ளைகளைக் குந்த வைத்துக்கொண்டு போனார்கள். நாலு சஹன் நிரம்பியது. ஐந்தாவது சஹனில் ஐந்து பேர்தான். இருபத்தொன்பது அங்கே முடிந்துவிட்டது. ஏழு பேரும் சுவரோடு நின்றார்கள், தங்களுக்கு எங்கே என்று தெரியாமல்.

"இஞ்ச ஒராள் குறையுது" என்று பரிமாறிய பெண் கூப்பிட்டாள். ஸஹீத் சேர் சுற்றிப் பார்த்து, கிட்ட நின்ற றிபாவைக் கண்டு, "மகள், வாங்க, இதுல குந்துங்க, சஹன் நிரம்பட்டும்" என்றார். றிபா போய்க் குந்தினாள். மிச்ச ஆறு பேருக்கும் கடைசிச் சஹன். ஆறு சஹனும் நிரம்பிவிட்டன. சோறு வைத்தார்கள். கை கழுவத் தண்ணீர்க் கெண்டியும், கழுவிய நீர் விழுகிற படிக்கமும் சுற்றி வந்தன.

றிபா கை கழுவவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே பலகைக்குப் போய், எட்டாமல் எம்பி, கோட்டுக்குக் கீழே இருந்த 29ஐக் கையால் துடைத்தாள். சோக்கை எடுத்து, அந்த இடத்தில் 36 என்று எழுதினாள்.

 ஸஹீத் சேர் சிரித்த முகத்தை மாற்றாமல் கிட்டப் போனார். கதிரையில் இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

"என்ன மகள் செய்யுறீங்க?"

"கீழ எழுதுறது குந்தின ஆக்கள் சேர். குந்தினது முப்பத்தாறு பேர்."

"அது வேற கணக்கு மகள். போய்ச் சாப்பிடுங்க, சோறு ஆறுது."

"ஆள் குறையுது எண்டு நீங்கதானே சேர் என்ன கூப்பிட்ட. இதுலயும் குறையுது."

அவர் மேசையில் இருந்த டஸ்டரை எடுத்தார். பிள்ளைகளின் பக்கம் திரும்பி, எல்லாரும் சாப்பிடத் தொடங்குங்கள் என்றார். ஐந்தாவது சஹனில் யாரும் கை வைக்கவில்லை. எழுபதுக்கு மேல் எடுத்த ஐந்து பிள்ளைகள், கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அதில் ஒருத்தி ஸஹ்றா, பள்ளிக்கூடத்திலேயே கூடிய புள்ளி எடுத்தவள். "றிபா வரட்டும் சேர். ஆறு பேரும் குந்தல்லயே" என்றாள். அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை. அப்படித்தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அதைக் கண்டு மற்றச் சஹன்களிலும் கைகள் நின்றுவிட்டன.

டஸ்டரோடு நின்ற மனிதரைப் பார்த்து ஸுல்பிகா கத்தப்போகிறாள் என்று நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் கத்தவில்லை. நிதானமாகக் கேட்டாள். "அழிங்க சேர். அழிச்சுப்போட்டு என்ன எழுதப்போறீங்க எண்டு புள்ளைக்குச் சொல்லுங்க."

றினோஸா அகப்பையோடு கதவடியில் நின்றிருந்தாள். அவள் அதிபரைப் பார்க்கவில்லை. பலகையையே பார்த்தாள். "என்ட புள்ளைக்கு வெக்கம் வரும் எண்டுதானே சேர் சொன்ன நீங்க" என்றாள்.  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸஹீத் சேர் டஸ்டரை மேசையில் வைத்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனம் மாறி அவர் டஸ்டரை வைத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். விருந்து கெட்டுப் போகும் என்றுதான் வைத்தார். பின்னேரம் ஆட்கள் போன பிறகு முழுவதையும் துடைத்து, 100% என்பதை மட்டும் விட்டுவைத்தார். ஸுல்பிகாவுக்கு அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு இல்லை என்றும் சொல்லியாகிவிட்டது. கட்டிடம் வருமோ வராதோ தெரியாது. றிபாவுக்கு அந்தப் பரீட்சை இனி வராது. ஐந்தாம் வகுப்பு ஒரு பிள்ளைக்கு ஒருமுறைதான் வரும், அதைத் தங்கச்சி என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைக்கு டஸ்டரை வைத்த கையோடு அவர் ஒரு வார்த்தை சொன்னார். பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற அதே தேன் குரல்தான்.

"இப்ப எல்லாரும் ஒண்டாத்தானே மகள் குந்தியிருக்கிறீங்க. முப்பத்தாறு பேரும் திங்கப் போறீங்க. இனி என்ன?"

றிபா சோக்குக் கையைச் சீருடையில் துடைத்தாள். போய்த் தன் இடத்தில் குந்தினாள். ஐந்து பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். குந்திய பிறகுதான் அவருக்குப் பதில் சொன்னாள்.

"திங்க விட்டது முப்பத்தாறு பேர் சேர். எழுத விட்டது இருபத்தொம்பது பேர்."